இடப்பக்கப் பள்ளம்

விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மாள் சொன்னதால்தான் அவள் அந்தக் கட்டை கேமை வாங்கினாள். சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கின இடம் ஒரு ரிப்பேர்க் கடை. பழைய ரேடியோ, கண்ணாடி போன டார்ச், ஒற்றைக் காது ஹெட்போன் என்று மேசை முழுக்கக் குவியல். அதற்கு நடுவில் உள்ளங்கை அகலத்தில் சாம்பல்நிறக் கண்ணாடி வைத்த ஒரு விளையாட்டு மெஷின். பேட்டரி மூடி போய், அதற்குப் பதிலாக ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"இது ஓடுமா?"

"ஓடுமாவா? இதுக்குச் சாவே கிடையாதும்மா," என்றார் கடைக்காரர். "இப்ப வர்றதெல்லாம் ஒரு மழைக்குத் தாங்காது. இது மூணு கை மாறி வந்திருக்கு. மேலேர்ந்து கட்டை விழும். வரிசை ரொம்பினா அழிஞ்சிடும். ரொம்பலேன்னா மேல ஏறி இடிச்சு ஆட்டம் காலி. யாருக்கு, பிள்ளைக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாதம் அடிச்சு இடது கை விழுந்துடுச்சு. இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா அசையுது."

"அப்ப கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க. இதுல இடது கட்டைவிரல்தான் ஓயாம அமுக்கிட்டு இருக்கணும்."

மழை விடுகிற வரைக்கும் நின்று, அதைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் புருஷனை அந்தக் கிடங்கில் யாரும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நூல் என்றுதான் பேர். பதினெட்டு வருஷமாகப் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினான். ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கிற இரும்பு அடுக்குகளில், கடைசித் தட்டில், பெட்டிகள் ஏற்றிய பலகையைக் கொண்டுபோய்ச் செருகுவான். நூல் பிடித்த மாதிரி உட்காரும். ஒரு பெட்டியின் மூலைகூட வெளியே நீட்டாது. புதிதாக வருகிறவர்களை சூப்பர்வைசர் அவன் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, "வாயைப் பாக்காத, கையைப் பாரு" என்பார். அப்படிப்பட்டவன் ஒரு மத்தியானம் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சரிந்தான். கையிலிருந்த டீ மடியில் கொட்டினது அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு மாசத்தில் கால் தேறிவிட்டது. பேச்சு குளறல் நின்றது. கைதான் பாக்கி. அந்த இரண்டு மாசமும் அவள் காலையில் அவனைக் குளிப்பாட்டி, சோறு வடித்து மூடி வைத்துவிட்டு சலவைக்கூடத்துக்குப் போவாள். அங்கே ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலை மாதிரி வரும். சுருக்கம் எடுக்கிற ஆவி உருளையில் இரண்டு பேராக நின்று போர்வையின் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். வாங்குகிற பக்கம் நிற்பவளுக்கு முழங்கை வரைக்கும் சூடு ஏறும். அவள் அந்தப் பக்கம்தான். வீட்டுக்கு வரும்போது அவள் மேலிருந்து வெந்த துணி வாசம் அடிக்கும். அவள் வருகிற வரைக்கும் மேல்மாடியில் குடியிருந்தவளோ அவள் வீட்டுக்காரனோ இறங்கி வந்து அவனை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மாடிக்காரியும் அதே கிடங்குதான். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவனை அண்ணே என்பாள், அவளை அக்கா என்பாள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் வாரம் இவர்கள் வீட்டு அடுப்பு எரியவே இல்லை. எல்லாம் மாடியிலிருந்துதான் இறங்கியது.

கட்டை கேமைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அட! எங்க புடிச்ச இத? சின்ன வயசுல எங்க செட்டுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது தெரியுமா? அந்த நீளக் கட்டை வர்ற வரைக்கும் ஒரு ஓரத்தைக் காலியா வச்சிருப்பேன். வந்ததும் ஒரே சொருகு. நாலு வரிசை அவுட்டு."

"சரி, இப்பச் சொருகுங்க பாப்போம்."

இடது கட்டைவிரல் முதலில் வழுக்கியது. பிறகு பிடி கிடைத்தது. கீச் கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு ஆட்டம் ஓடியது. பத்து எண்ணுவதற்குள், "காலி," என்றான். மறுபடி. மறுபடியும் காலி. நாலாவது நாள் விரல் நன்றாகவே அமுக்கியது. ஆனால் ஒரு வரிசைகூட அழியவில்லை.

"சனியன், செகண்ட் ஹேண்டுன்னு உன் தலையில கட்டிட்டான். வரிசை ரொம்புது, அழிய மாட்டேங்குது. மெஷின்ல கோளாறு."

அவள் மறுநாள் கடைக்குப் போனாள். கடைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஒரு ஆட்டம் ஆடினார். வரிசை வரிசையாக அழிந்தது.

"பாத்தீங்களா? கோளாறெல்லாம் இல்லம்மா. ஆடத் தெரியாம மெஷினைக் குத்தம் சொல்லக்கூடாது."

"அவருக்கு நல்லா ஆடத் தெரியுங்க."

"அப்ப பக்கத்துல உக்காந்து பாருங்க, என்ன பண்றாருன்னு."

அன்று சாயங்காலம் அவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். கட்டை நடுவில் விழுந்தது. வலப்பக்கம் தள்ளினான். அடுத்ததும் வலப்பக்கம். அதற்கு மேல் இன்னொன்று, ஒரு பிசிறில்லாமல், நூல் பிடித்த மாதிரி. கண்ணாடியின் வலது பாதியில் சுவர் ஒன்று கிடுகிடுவென்று எழும்பியது. இடது பாதியில் ஒரு கட்டைகூட இல்லை. பெரிய பள்ளம். அவன் கண் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"இந்தப் பக்கம் போடக் கூடாதா?" என்றாள்.

"எந்தப் பக்கம்? எல்லாப் பக்கமும்தான் போடறேன்."

ராத்திரிச் சோற்றுக்குத் தட்டு வைத்தாள். சோறு, பருப்பு, ஓரத்தில் முட்டை. அவன் சாப்பிட்டுவிட்டு, "போதும்" என்று எழப் போனான். தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருந்தது. கத்தி வைத்து அறுத்த மாதிரி நேர்கோடு. இரண்டு மாசமாகத் தினமும் மிச்சம் வைக்கிறான்தான். நோய் கண்டவனுக்கு வாய் ருசி இல்லை என்று அவள் நினைத்திருந்தாள். தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பினாள்.

"முட்டை வச்சியா? முதல்லயே வைக்கிறதுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி சாப்பிட உட்கார்ந்தான்.

மறுநாள் அவனை நாற்காலியில் உட்காரவைத்து அவளே சோதித்தாள். இடப்பக்கம் கையை நீட்டி, "எத்தனை விரல்?" என்றாள். "மூணு. என்னைக் குருடன்னு நினைச்சியா?" சரியாகத்தான் சொன்னான். கேட்டால் தெரிகிறது. கேட்காவிட்டால் அந்தப் பக்கம் ஒன்று இருக்கிற நினைப்பே அவனுக்கு இல்லை. இதை என்னவென்று சொல்லுவது, யாரிடம் சொல்லுவது என்று அவளுக்குப் புரியவில்லை. கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்றால் ஊருக்குப் புரியும். இது அப்படி இல்லை.

வேலைக்குப் போகச் சர்டிபிகேட் வாங்குகிற நாள் வந்தது. டாக்டர் அவனை நடக்கவிட்டார். விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். ரத்த அழுத்தம் பார்த்தார்.

"பிரமாதம். என்ன பயிற்சி பண்ணீங்க?"

"கட்டை கேம் சார்," என்றான் அவன் சிரித்துக்கொண்டே.

அவள் வாயைத் திறந்தாள். "டாக்டர், அந்த கேம் ஆடும்போது இவரு ஒரு பக்கமாவே…"

அவன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"கேம்ல தோத்தா சர்டிபிகேட்டை நிறுத்த முடியுமாம்மா?" என்று டாக்டர் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். "வேற ஏதாவது உண்டா?"

தட்டைச் சொல்லியிருக்கலாம். முகம் மழிக்கும்போது இடது கன்னத்தை அப்படியே விட்டுவிடுகிறான் என்பதைச் சொல்லியிருக்கலாம். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு மாசமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள், அன்றைக்குச் சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"இல்லீங்க," என்றாள்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனான். கிடங்கில் கைதட்டினார்களாம். சாயங்காலம் வந்து அதை இரண்டு தடவை சொன்னான். அவளும் நாலு நாள் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். எல்லாம் பழக்கத்தில் சரியாகிவிடும், கை தேறின மாதிரி அதுவும் தேறிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சலவைக்கூடத்தில் போர்வையின் முனையைப் பிடித்திழுக்கும்போது மட்டும், எதிரே அவன் வண்டி வருகிற மாதிரி இருக்கும்.

இரண்டாவது வாரம் குழாயடியில் மாடிக்காரி சொன்னாள்:

"அண்ணனுக்கு என்மேல ஏதாச்சும் கோவமாக்கா?"

"ஏன்டி?"

"காலைல வண்டி பக்கத்துலயே நின்னு ரெண்டு தரம் கூப்பிடறேன். திரும்பிக்கூடப் பாக்கல. நேத்து பாருங்க, அடுக்குல கீழ்த்தட்டுப் பெட்டி ரெண்டு கிழிஞ்சிருக்கு. அண்ணன் வண்டி உரசினதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நூலாவது, உரசறதாவதுன்னு."

குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடினாள்.

"எந்தப் பக்கம் நின்னு கூப்பிட்ட?"

"இந்தப் பக்கம்." மாடிக்காரி இடது கையை ஆட்டினாள்.

"நீ அவருக்கு வலப்பக்கமாவே நட. வண்டி வந்தா வலப்பக்கமா ஒதுங்கு. என்ன?"

"ஏங்க்கா?"

சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் சாயங்காலத்துக்குள் கிடங்கு முழுக்கத் தெரியும். மறுநாள் வண்டிச் சாவியைப் பிடுங்குவார்கள்.

"ஒண்ணுமில்ல. வாதம் வந்ததுலேர்ந்து அந்தக் காது கொஞ்சம் மந்தம். வெளிய சொல்லாத, வருத்தப்படுவாரு."

"அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்," என்று மாடிக்காரி சிரித்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியேறினாள்.

அதிலிருந்து ஐந்தாம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து உருளையை மறுபடி ஓட்டிய நேரம், சலவைக்கூடத்து வாசலில் அவளைக் கூப்பிட்டார்கள். கிடங்கில் விபத்து என்று மட்டும்தான் சொன்னார்கள். அவனுக்குத்தான் என்று நினைத்து அவள் செருப்புப் போடாமல் ஓடினாள். கிடங்கு வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். மேலே ஒரு கீறல் இல்லை.

"அந்தப் புள்ள எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலடி," என்றான். "யாருமே இல்ல. சத்தியமா யாருமே இல்ல. திரும்பறேன், அலறல் கேக்குது."

மூன்றாவது வரிசை மூலையில் திரும்பும்போது வண்டியின் இடப்பக்கம் மாடிக்காரியின் காலை இரும்புத் தூணோடு சேர்த்து நசுக்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணை இரண்டு நாளில் முடிந்தது. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் வண்டி. லேபிள் ஒட்டுகிற பெண் கோட்டைத் தாண்டி வந்திருக்கிறாள் என்று எழுதினார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரு பெட்டியைக் கீழே போடாதவன் சொல்கிறான், யாருமே இல்லை என்று. அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அவன் பொய் சொல்லவும் இல்லை. "அந்தப் பொண்ணு எப்பவும் போனைப் பாத்துக்கிட்டே நடக்கும்" என்று ஒருவன் சொன்னான். "சொன்னா கேக்காது" என்றான் இன்னொருவன். மூன்றாம் நாள் அவன் மறுபடி வண்டியில் ஏறினான்.

அன்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சலவைக்கூடத்திலிருந்து போகிற அதே போர்வைதான் மாடிக்காரி மேல் கிடந்தது. வலது காலின் இடத்தில் அது மேடு கட்டியிருந்தது. இடது காலின் இடத்தில் பாதிக்குமேல் சப்பையாகக் கட்டிலோடு படிந்திருந்தது.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்றாள் மாடிக்காரி.

இவள் போர்வையின் முனையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நான் கோட்டுக்கு உள்ளதாங்க்கா நின்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, செருப்புக்கு அந்தாண்ட மஞ்சள் தெரிஞ்சுது. ஆனா எல்லாரும் சொல்றதைப் பாத்தா, நான்தான் தாண்டிட்டேனோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. எங்க வீட்டுக்காரரும் கேக்கறாரு, நிஜமா சொல்லு, தாண்டினியான்னு." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீங்க சொன்ன மாதிரி வலப்பக்கமாத்தான் ஒதுங்கி நின்னேன். அவரு எதையோ மறந்த மாதிரி வண்டியைத் திருப்பிட்டாரு. திருப்பினா நான் இடப்பக்கம் ஆயிடறேன்ல? அது எனக்கு அப்பத் தோணல."

அவள் எழுந்து வெளியே வந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. அப்படியே நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகிற நேரத்துக்குக் கிடங்கு ஆபீசில் போய் நின்றாள். சூப்பர்வைசரிடம் அவனைக் கூப்பிடச் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"நீ எங்க இங்க?"

அவள் பையிலிருந்து கட்டை கேமை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சார், இவரை இதுல ஒரே ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்க."

"ஏம்மா, ஒரு புள்ளைக்குக் காலே போயிருக்கு. நீ விளையாட்டுச் சாமானைத் தூக்கிட்டு வர்ற?"

"அதுக்குத்தான் சார் சொல்றேன். ஒரு ஆட்டம். நீங்க பின்னாடி நின்னு பாருங்க."

அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் வாசலில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். "பைத்தியம் புடிச்சிருக்கு சார் இவளுக்கு," என்று சிரித்துச் சமாளித்து, கையில் எடுத்தான். கட்டைவிரல்கள் இரண்டும் இப்போது ஒரே வேகத்தில் ஓடின. கட்டைகள் வலப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. சூப்பர்வைசர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்தார். ஆட்டம் முடிந்து கீச்சென்று சத்தம் வந்தது.

"இன்னொரு தரம் ஆடு," என்றார்.

ஆடினான். அதே சுவர், அதே பள்ளம்.

"ஏம்ப்பா, இந்தப் பக்கம் ஏன் ஒண்ணுகூடப் போடல?"

"எந்தப் பக்கம் சார்?"

சூப்பர்வைசர் தன் விரலைக் கண்ணாடியின் வலது ஓரத்தில் வைத்து, "இதையே பாத்துக்கிட்டு வா," என்று மெல்ல இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். அவன் கண் விரலோடு போனது. நடுவில் ஒரு தடவை நின்றது. பிறகு போனது.

"இது…" என்றான். "இவ்வளவு எடம் இருக்கா?"

அவன் தலையைத் திருப்பித் திருப்பி அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"அப்ப அந்தப் புள்ள கோட்டுக்கு உள்ளயேதான் நின்னுச்சா சார்?"

சூப்பர்வைசர் அவன் கையிலிருந்து கேமை வாங்கிக்கொண்டார். அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை.

"இவரு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள்.

அவள் அவனுக்கு இடப்பக்கம் நின்றிருந்தாள். குரல் வந்த இடத்தைத் தேடி அவன் வலப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

அன்றைக்கே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். விசாரணைத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார்கள். லேபிள் ஒட்டுகிற பெண் மேல் தப்பில்லை என்று கேன்டீன் பலகையில் ஒட்டினார்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் மாடிக்காரியிடம் எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொன்னாள். கட்டை கேமிலிருந்து தொடங்கி, தட்டு, டாக்டர், குழாயடி வரைக்கும். மாடிக்காரி முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் ஏன்னு கேட்டேன்ல?" என்றாள் கடைசியில்.

"கேட்ட."

"காதுன்னு சொன்னீங்க."

அதோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் அவன் அவளைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரே ஒரு தடவை, சோறு போடும்போது கேட்டான்: "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" "சொன்னேன், நீங்க நம்பல" என்று சொல்ல வாயெடுத்தாள். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டதெல்லாம் சொன்னதாக ஆகுமா என்று நினைத்து இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவன் தன் தட்டைத் தானே திருப்பப் பழகிக்கொண்டான்.

மாடிக்காரி வீடு திரும்புகிற நாள் நெருங்கியது. அவளால் இனி படியேற முடியாது. கீழ்வீட்டை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், நாங்கள் மாடிக்குப் போய்விடுகிறோம் என்று இவள் அவள் புருஷனிடம் சொல்லி அனுப்பினாள். வீட்டுச் சொந்தக்காரரிடம்கூடப் பேசிவிட்டாள். பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்தாள். மறுநாள் மாடிக்காரியின் புருஷன் வந்து வாசலிலேயே நின்றபடி, "வேணாம்னு சொல்லிட்டா," என்றான்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் ஆட்டோ வந்து நின்றது. மாடிக்காரியை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் புருஷன், தம்பிகள் இரண்டு பேர். ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். நாலாவது கால் தொங்கியது. படி குறுகல். முதல் திருப்பத்திலேயே நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவள் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்குங்க, இறக்குங்க. இன்னொரு ஆள் வேணும்," என்றான் பெரிய தம்பி.

கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. இவள் ஓடி வந்து தொங்கிய காலைப் பிடிக்கக் கை நீட்டினாள். இருபது வருஷமாகப் போர்வை தூக்கிய கை. அதற்குள் நூலும் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். தலையை இடப்பக்கம் திருப்பி, மறுபடி திருப்பி, யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டான். மாடிக்காரியின் பார்வைக்கு நேரே நிற்க அவனுக்குக் கூசியது.

பெரிய தம்பி தன் அக்காவைப் பார்த்தான். யாரைப் பிடிக்கச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அண்ணன் புடிக்கட்டும்," என்றாள் மாடிக்காரி. "அவருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க தள்ளி நிக்கட்டும்."

இவள் கையை எடுத்துக்கொண்டாள். படியிலிருந்து இறங்கிச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். நூல் குனிந்து நாற்காலியின் காலைத் தடவிப் பிடித்தான். "மெதுவா, இப்ப தூக்கு," என்றது ஒரு குரல். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி, நாலு பேரும் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். "அண்ணே, உங்களுக்கு இடப்பக்கம் சுவர் வருது, பாத்து," என்று மாடிக்காரி சொல்வது கீழே நின்றவளுக்குக் கேட்டது.